முப்பத்தேழு மாதிரி

என் நாத்தனாரின் ஆய்வு எனக்குத் தெரிந்தது, அவளுக்குத் தெரிந்தது. மற்ற யாருக்கும் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, நான் நாற்காலியில் சரியாக உட்கார்வதற்குள் ஃபோன் வந்தது.

"அண்ணி, நீங்க வேலை பாக்குற இடத்துல என் வேலையக் காணோமாம்."

"யாரு சொன்னா?"

"தேர்வுக் குழுவுல இருந்து மெயில். 'நீங்கள் கொடுத்த இணைப்பில் எதுவும் இல்லை. புதன் மாலை ஐந்து மணிக்குள் சரிசெய்யாவிட்டால் விண்ணப்பம் பரிசீலிக்கப்படாது'ன்னு போட்டிருக்காங்க. நாளைக்கு புதன்."

அவள் ஒரு மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் பதினோரு வருடமாக நிற்கிறவள். மூன்று வருடமாக விடுமுறை நாட்களில் உட்கார்ந்து ஒரு கணக்கை உருவாக்கியிருந்தாள். மணிக்கு எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை ஜன்னல் திறந்திருக்கிறது, ஒரு சீட்டுக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று கொடுத்தால், கடைசியில் நிற்பவர் எவ்வளவு நேரம் நிற்பார் என்று அது சொல்லும். மூன்று ஜன்னலுக்கு மூன்று வரிசை வைப்பதைவிட, ஒரே வரிசையாக விட்டு எந்த ஜன்னல் காலியோ அங்கே அனுப்பினால், யாரும் அளவுக்கு மீறி மாட்டிக்கொள்ள மாட்டார்கள் என்று அதில் காட்டியிருந்தாள். முன்னால் நிற்பவர் நாற்பது மாத்திரைக்குச் சந்தேகம் கேட்டால் அந்தத் தாமதம் பின்னால் நிற்கிறவர் தலையில் மட்டும் விழக்கூடாது, அதுதான் விஷயம். அதை வைத்து ஓர் ஆய்வு நிலையத்தில் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். விண்ணப்பத்துக்கு முந்தைய தேதியிட்டு, பொதுவில் கிடைக்கும் ஆய்வை மட்டுமே குழு கணக்கில் எடுக்கும். மறுபடியும் ஏற்றினால் இன்றைய தேதி விழுந்துவிடும்.

நான் என் திரையில் தேடினேன். முதல் வரியிலேயே வந்தது. தலைப்பு, அவள் பெயர், மூன்று மாதத்துக்கு முந்தைய தேதி, கீழே பச்சைப் பட்டன்.

"இங்கதானே இருக்கு. நல்லா, கண்ணுக்கு முன்னால இருக்கு."

"எனக்கும் தெரியுது அண்ணி. அவங்களுக்குத்தான் தெரியல."

"மறுபடி பாக்கச் சொல்லு. வேற லிங்க்கைத் தட்டியிருப்பாங்க."

மதியம் குழுவிடமிருந்து ஒரு படம் வந்தது. எங்கள் களஞ்சியத்தின் பக்கம்தான். நடுவில் ஒரே வரி: 'இங்கு எதுவும் இல்லை.'

நான் இருப்பது ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் பின்பக்க அறை. 'அமைதி' என்று எழுதிய பலகைக்குக் கீழேதான் அச்சுப்பொறி இரைந்துகொண்டிருக்கும். திறந்த ஆய்வுக் களஞ்சியம் என்பது எங்கள் பிரிவின் பெயர். திறந்த என்றால் கட்டணமும் கடவுச்சொல்லும் இல்லாமல் யாரும் வந்து படிக்கலாம். ஆய்வாளர்கள் தாங்களே ஏற்றுவார்கள். தலைப்பு ஒழுங்காக இருக்கிறதா, தேதி சரியா, எந்த வகை என்று பார்த்துக் கதவைத் திறந்துவிடுவது என் வேலை. கதவை நான்தான் திறந்தேன். உள்ளே விட்டவளை யாரோ மறைத்துவைத்திருந்தார்கள்.

மாலையில் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என் வீட்டுக்காரர் தங்கைக்காகத் தன் ஃபோனில் தேடிப் பார்த்தார். எதுவும் இல்லை. என் மடிக்கணினியில் தேடினார், இருந்தது.

"பிரமாதம்," என்றார். "திறந்த களஞ்சியம்னு பேரு. ஆனா அங்க வேலை பாக்குறவங்களுக்கு மட்டும்தான் திறக்குற மாதிரி இருக்கு."

"என் தலையில ஏன் போடுறீங்க?"

"உன் தலையில இல்ல, உன் கணினியில. அதுல மட்டும்தான் இருக்கு."

கிண்டலாகச் சொன்னாலும் அதில் விஷயம் இருந்தது. என் கணினி எப்போதும் பணியாளர் கணக்கில் நுழைந்தே இருக்கும். என் நாத்தனாரும் தன் கணக்கில் நுழைந்துதான் பார்க்கிறாள். சாவி வைத்திருப்பவர்களுக்குத் தெரிகிறது, சாவி இல்லாதவர்களுக்குத் தெரியவில்லை. பூட்டு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தால் போதும்.

மறுநாள் எட்டரைக்கே போய்விட்டேன். எங்கள் மென்பொருளைக் கட்டியவனை எல்லாரும் கமா என்றுதான் கூப்பிடுவோம். ஒருமுறை மொத்தக் களஞ்சியமும் இரண்டு நாள் படுத்துக்கிடந்ததற்கு ஒரே ஒரு கமா காரணம் என்று அவன் எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னதால் வந்த பெயர். எட்டு வருடமாக நாங்கள் இரண்டு பேர்தான்.

"அனுமதி 'யாரும் பார்க்கலாம்'ன்னுதான் இருக்கு," என்றான். "ஃபைல் உடையல. பேருல எழுத்துப் பிழை இல்ல. அக்கா, உங்க நாத்தனாருக்கு ஏதாவது தோஷம் இருக்கா?"

"அவளுக்கு இருக்கறது அஞ்சு மணிக்குக் கெடு. சொல்லு, வெளியில இருந்து ஒருத்தர் தேடுனா என்ன நடக்குது?"

அவன் தாளில் இரண்டு பெட்டி வரைந்தான். ஒன்று சரக்கறை. ஏற்றியதெல்லாம் அங்கேதான் கிடக்கும். இன்னொன்று தேடல் பட்டியல். புத்தகத்தின் கடைசியில் சொல்லும் பக்க எண்ணும் இருக்குமே, அதுபோல. தினமும் விடியற்காலையில் கணினி சரக்கறை முழுவதையும் ஒரு சுற்று சுற்றி அந்தப் பட்டியலைப் புதிதாக எழுதும். வெளியாள் தேடினாலும் சரி, நேராக இணைப்பைத் தட்டினாலும் சரி, கணினி பட்டியலைத்தான் பார்க்கும். அதில் இல்லாதது அவர்களுக்கு இல்லாததுதான். உள்ளே நுழைந்தவர்கள் மட்டும் நேரே சரக்கறைக்குப் போகிறார்கள்.

"அப்ப அவளோடது சரக்கறையில இருக்கு, பட்டியல்ல இல்ல."

"ஆமா. ஏன் இல்லைன்னுதான் தெரியல."

"அவளோடது மட்டும்தான் இல்லையா?"

இதை இருவரும் அதுவரை கேட்டுக்கொள்ளவில்லை. கமா இரண்டு எண்களை எடுத்தான். சரக்கறையில் 4,212. பட்டியலில் 4,175. முப்பத்தேழு வித்தியாசம்.

அவன் சாய்ந்து உட்கார்ந்தான். நான் என் தேநீரைத் தள்ளிவைத்தேன். ஒரு பதிவு காணவில்லை என்றால் அது விபத்து. முப்பத்தேழு காணவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அந்த முப்பத்தேழுக்கும் பொதுவாக ஏதோ இருக்கிறது. அது என்னவென்று பார்க்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: வகை வகையாக எண்ணுவது.

என் திரையில் உள்ளே நுழைந்த பார்வை, கமாவின் திரையில் வெளியாள் பார்வை. நான் ஒரு வகையைச் சொல்லி என் எண்ணைப் படிப்பேன், அவன் தன்னுடையதைப் படிப்பான்.

முனைவர் ஆய்வேடு, 1,318. அவனிடமும் 1,318. எறும்புகள் புதிய இடத்தில் ஏன் இடதுபக்கம் திரும்புகின்றன என்று நானூறு பக்கம் எழுதியவர் அங்கே இருந்தார். தரவு, 391. அவனிடமும் அதே. தொள்ளாயிரம் கதவுகளின் கீல் எழுப்பும் சத்தத்தை அளந்து அட்டவணை போட்டவர் அதில் ஒருவர். எந்தக் கீல் எப்போது உடையும் என்று அந்தச் சத்தம் முன்கூட்டியே சொல்லிவிடுமாம். சுவரொட்டி, 97. சினிமாவுக்கு ஒட்டுவது அல்ல. கருத்தரங்குக் கூடத்தில் ஓர் ஆய்வை ஒரே தாளில் விரித்து மாட்டுவார்களே, அது. விரல் நடுங்குகிறவர்கள் செருப்பு வாரை எப்படி முடிகிறார்கள் என்று பதினாறு படங்களில் காட்டியது ஒன்று. ஒலிப்பதிவு, 53. ஓடு, தகரம், கான்கிரீட் என்று வேறுவேறு கூரையில் மழை விழும் சத்தம். வரைபடம், 76. ஒரே தெருவில் மணிக்கு மணி நிழல் எங்கே விழுகிறது என்று ஒருவர் வருடம் முழுக்க வரைந்திருந்தார்.

"பலிக்காத சோதனை?" என்றேன்.

"இருபத்தொம்பது."

"எனக்கும்."

அந்த வகை எனக்குப் பிடித்தது. நினைத்தபடி நடக்கவில்லை என்பதை மறைக்காமல் எழுதிவைப்பவர்கள் அதில் இருக்கிறார்கள். 'பதினான்கு மாதம் முயன்றும் இந்தப் பசை ஒட்டவில்லை' என்பது ஒரு தலைப்பு. அதே பசையோடு மல்லுக்கு நிற்க இருந்த இன்னொருவருக்கு அது பதினான்கு மாதத்தை மிச்சமாக்கியிருக்கும்.

ஒவ்வொரு வகைக்கும் தனித்தனிக் கேள்விகள் உண்டு, அதனால்தான் வகை முக்கியம். தரவு என்று போட்டால் மூல எண்களைக் கேட்கும். ஆய்வுக் கட்டுரை என்றால் யார் சரிபார்த்தார்கள் என்று கேட்கும். ஒலிப்பதிவு என்றால் எவ்வளவு நேரம் என்று கேட்கும். 'மற்றவை' என்று ஒரு வகை கிடையாது. வைத்தால் எல்லாரும் யோசிக்காமல் அதில்தான் போடுவார்கள் என்று நான்தான் பிடிவாதமாக எடுத்துவிட்டேன்.

பன்னிரண்டு மணிவாக்கில் கடைசி வகைக்கு வந்தோம்.

"மாதிரி," என்றேன். "முப்பத்தேழு."

கமா தன் திரையை மேலும் கீழும் உருட்டினான்.

"உனக்கு எவ்வளவு?"

"எண்ணே இல்ல அக்கா. என் பக்கத்துல அப்படி ஒரு வகையே இல்ல."

என் நாத்தனார் தன் வேலையை மாதிரி என்றுதான் போட்டிருந்தாள். நிஜமான வரிசையைப் போல நடந்துகாட்டும் ஒரு கணக்கு, வேறு என்னவென்று போடுவாள்? மற்ற முப்பத்தாறையும் திறந்தேன். வயலில் இருந்து எடுத்த மண்ணின் மாதிரி ஒன்று, அளவும் ஆழமும் குறித்து. மரக்குச்சியில் கட்டிய பாலத்தின் சிறிய மாதிரி, பாரம் ஏற்றி உடைத்த படங்களோடு. நோயாளிகளிடம் சம்மதம் வாங்கும் மாதிரிக் கடிதம். மாதிரி வினாத்தாள். ஒரு சொல்லைப் பார்த்து ஒவ்வொருவரும் தன் அர்த்தத்தோடு வந்து வரிசையில் நின்றிருக்கிறார்கள். யாரும் தப்பாகப் போடவில்லை.

கடைசி ஐந்து மட்டும் வேறு ஜாதி. தலைப்புகள் இவை: 'அஆஇஈ', 'சோதனை 2', 'வேலை செய்யுதா', 'ஏதோ ஒன்று', 'கமா டெஸ்ட்'.

கமா தலையைச் சொறிந்தான். "தொறக்குறதுக்கு முன்னால நாம போட்டுப் பாத்தது. டம்மி. இதெல்லாம் வெளிய தெரியக்கூடாதுன்னு ஒரு விதி எழுதினேன். வகை மாதிரின்னு இருந்தா பட்டியல்ல சேக்காதேன்னு."

"யாருடா டம்மிக்கு மாதிரின்னு பேரு வச்சது?"

அவன் பழைய மெயில் ஒன்றைத் தேடி எடுத்துத் திரையை என் பக்கம் திருப்பினான். எட்டு வருடத்துக்கு முன்பு வந்தது. 'மாதிரி என்று போட்டிருப்பதை எல்லாம் வெளியே காட்ட வேண்டாம்.' கீழே என் பெயர். அடுத்து இன்னொன்றையும் எடுத்தான். அதற்கு இரண்டு வருடம் கழித்து வந்தது. 'வகைகளின் பட்டியலில் கீழ்க்கண்டவற்றைச் சேர்க்கவும்.' நான்காவது வரியில், மாதிரி. கீழே என் பெயர்.

"நான் வாயைத் தொறக்கல அக்கா," என்றான்.

முதல் மெயிலில் நான் நினைத்தது ஒத்திகைக்குப் போட்ட பொய்ப் பதிவை. இரண்டாவதில் நினைத்தது ஆய்வாளர் கட்டும் மாதிரியை. ஒரே சொல்லை இரண்டு கையால் எழுதியிருக்கிறேன், ஒரு கை செய்தது மற்றதற்குத் தெரியவில்லை.

ஆறு வருடமாக ஏன் ஒருவரும் புகார் சொல்லவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. ஏற்றியவர் தன் கணக்கில் நுழைந்து பார்ப்பார், இருக்கும். பக்கத்தில் 'பார்த்தவர்கள்: 0' என்றும் இருக்கும். காணவில்லை என்று அவருக்கு எப்படித் தோன்றும்? தன் வேலை யாருக்கும் வேண்டாம்போல என்றுதான் தோன்றும். மண்ணை எடுத்தவர் நான்கு வருடத்துக்கு முன்பு எனக்கு ஒரு வரி எழுதியிருந்தார்: 'என் பதிவை இதுவரை ஒருவரும் பார்க்கவில்லை போலிருக்கிறது, பரவாயில்லை.' நான் ஆறுதலாகப் பதில் போட்டிருந்தேன், ஆய்வு மக்களைச் சென்றடையக் காலம் எடுக்கும் என்று. அந்தப் பதிலை மறுபடி படிக்க முடியாமல் மூடினேன்.

மணி ஒன்று. பட்டியலைப் புதிதாக எழுத ஐம்பது நிமிடம் ஆகும். பகலில் ஓட விட்டால் நூலகத்தின் எல்லாத் தேடலும் நொண்டும், அதனால் தலைமை நூலகர் நான்கு மணிக்கு ஒரே ஒரு சுற்றுக்குத்தான் அனுமதி கொடுத்தார். தவறினால் அடுத்தது மறுநாள் விடியற்காலை. அதற்குள் குழுவின் கதவு மூடிவிடும்.

"ஒரு வழி இருக்கு," என்றான் கமா. "உங்க நாத்தனாரோடத மட்டும் தரவுன்னு மாத்திடலாம். வகை மாத்துற பதிவு சுத்து இல்லாமலே உடனே பட்டியல்ல ஏறிடும், விதியையே மாத்துனாத்தான் முழுச் சுத்து வேணும். மத்ததை நிதானமா நாளைக்குப் பாத்துக்கலாம்."

எனக்கு ஆசை வந்தது, மறைப்பானேன். நாத்தனாருக்கு ஃபோன் செய்தேன். பின்னால் ஜன்னல் சத்தமும் யாரோ இருமுவதும் கேட்டது.

"தரவுன்னு மாத்திட்டா இப்பவே தெரியும். மாத்தவா?"

"தரவுன்னா நோயாளிங்களோட சீட்டுக் கணக்கைக் கேக்குமே அண்ணி. அத வெளிய குடுக்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"கட்டுரைன்னு போடலாமா?"

"யாரு சரிபாத்ததுன்னு கேட்டா எங்க அண்ணன் பேரையா போடுறது? அது மாதிரிதான் அண்ணி. மாதிரின்னே இருக்கட்டும்."

"நாலு மணிக்கு ஒரே சுத்துதான். தவறுச்சுன்னா…"

யாருக்கோ, சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு, என்று சொன்னாள். பிறகு என்னிடம், "நீங்கதானே பண்ணுறீங்க. பண்ணுங்க," என்றாள். பாராட்டா குத்தலா என்று புரியவில்லை. இரண்டும்தான் என்று வைத்துக்கொண்டேன்.

இனி விதியைத்தான் திருத்த வேண்டும். எனக்கு உடனே தோன்றியது, அந்த ஐந்து டம்மிக்கும் வகையை 'ஒத்திகை' என்று மாற்றி, விதியிலும் மாதிரியை எடுத்துவிட்டு ஒத்திகை என்று போடுவது. கமா தட்டச்சு செய்யத் தொடங்கினான். பாதியில் அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"நாடகத் துறையில இருந்து நாளைக்கே ஒருத்தர் வந்து, எங்க ஒத்திகைப் பதிவுக்குத் தனி வகை வேணும்னு கேட்டா?"

"நீங்க சரின்னு எனக்கு மெயில் போடுவீங்க," என்றான் கமா. "நானும் சேத்துடுவேன்."

இருவரும் சிரித்துவிட்டோம். எந்தச் சொல்லை வைத்தாலும் இதே கதைதான். சொல்லுக்கு ஓர் அர்த்தத்தோடு நின்றுகொள்ளத் தெரியாது. ஆய்வாளர்களுக்குக் கொடுத்த சொல்லை எடுத்துக் கணினிக்கும் பூட்டாகக் கொடுத்ததுதான் என் தப்பு. பூட்டுக்குச் சொல்லே வேண்டாம்.

"மாதிரியை நாலா பிரிச்சுடவா? மண்ணு வேற, கணக்கு வேற…"

"ஒரு சுத்துக்கு ஒரு மாத்தம்தான் அக்கா. ரெண்டு மாத்தி ஏதாவது கெட்டுச்சுன்னா எதால கெட்டுச்சுன்னே தெரியாது. பிரிக்கறத அடுத்த வாரம் வச்சுக்கலாம்."

பணியாளர் பக்கத்தில், ஆய்வாளர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், சின்னக் கட்டம் ஒன்றைச் சேர்த்து, விதி இனி வகையைப் பார்க்காமல் அந்தக் கட்டத்தை மட்டும் பார்க்கும்படி மாற்றினான். அந்த ஐந்து பதிவுகளிலும் நான் என் கையால் குறி போட்டேன். ஐந்தையும் இரண்டு முறை எண்ணினேன். நான்கு மணிக்குச் சுற்று ஓடியது. திரையில் ஒரு நீலக் கோடு வலது பக்கம் ஊர்ந்தது. நூலகத்தின் முன்பக்கம் யாரோ தேடல் மெதுவாக இருக்கிறது என்று குறைபட்டுக்கொள்வது சுவர் வழியாகக் கேட்டது. கமா நகம் கடித்தான், நான் ஆறிப்போன தேநீரைக் குடித்தேன்.

நான்கு ஐம்பத்திரண்டுக்கு என் வீட்டுக்காரரை அழைத்தேன். "உங்க ஃபோன்ல பாருங்க. நான் பாத்தா எப்பவும் இருக்கும்."

"இரு." தட்டும் சத்தம். "வருது. தங்கச்சி பேரு, பச்சை பட்டன், மூணு மாசத்துக்கு முந்தின தேதி. தொறக்குது."

அவளுக்கும் குழுவுக்கும் ஒரே மெயிலாக அனுப்பினேன். நான்கு ஐம்பத்தேழுக்குக் குழுவின் எழுத்தர், 'கிடைத்தது, விண்ணப்பம் ஏற்கப்பட்டது' என்று பதில் போட்டார். அதன் பிறகு மண் எடுத்தவருக்கு எழுத உட்கார்ந்தேன். தவறு என்னுடையது என்று முதல் வரியில் போட்டேன்.

போவதற்கு முன் கமாவுக்கும் ஒரு மெயில் அனுப்பினேன், எட்டு வருடம் கழித்து யாராவது தேடினால் கிடைக்கட்டும் என்று. அது இவ்வளவுதான்: வகையின் பெயர் இனி எந்தப் பதிவையும் மறைக்காது. மறைக்க வேண்டியதற்கு 'வெளியே காட்ட வேண்டாம்' என்ற கட்டத்தில் கையால் குறி போட வேண்டும். இன்று உள்ளே 4,212, வெளியே 4,207, வித்தியாசம் ஐந்து, ஐந்திலும் குறி இருக்கிறது. வாரம் ஒருமுறை உள்ளே இருக்கும் எண்ணையும், கணக்கில் நுழையாத ஒரு ஃபோனில் தெரியும் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.